'ரெண்டு பேருக்கும் சம்மதம்தான்!' - ஆனா, பேப்பரில் என்ன இருக்கு? பரஸ்பர விவாகரத்துக்கு ஒரு முழு கைடு

ஒரு ஜோடியைக் கற்பனை பண்ணிக்கோங்க. பெயர் வேண்டாம். பொண்ணுக்குச் சொந்த ஊர் சாயர்புரம். பையன் தூத்துக்குடி, கப்பலில் வேலை. சாயர்புரம் சர்ச்சில் மூணு ஞாயிறு ஓலை வாசித்து, ஐயர் ஆசீர்வாதம் பண்ணி, ஊரே வந்து சாப்பிட்டுப் போன கல்யாணம். இப்போ நாலு வருஷம் ஆகுது. ஒரு குழந்தை. அடிதடி இல்லை, போலீஸ் கேஸ் இல்லை. ஆனால், சேர்ந்து வாழ முடியாது என்பது ரெண்டு பேருக்குமே புரிந்துவிட்டது. ரெண்டு வருஷமாக அவள் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். 'பிரிஞ்சுடலாம்' என்று அவன் வாட்ஸ்அப்பில் கேட்க, 'சரி' என்று அவளும் அனுப்பிவிட்டாள்.

பெரியப்பா வருகிறார். "கோர்ட்டு, கேஸுன்னு எதுக்கும்மா அலையணும்? நமக்குத் தெரிஞ்ச அண்ணாச்சி ஒருத்தர் பத்திரம் எழுதுவாரு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சுட்டுலா!"

முடியவில்லை. உண்மையில், சிக்கல் ஆரம்பிப்பதே அந்தப் பத்திரத்தில்தான்.

'எங்களுக்குள்ள சண்டையே இல்லையே, ரெண்டு பேருக்கும் சம்மதம், அப்புறம் என்ன?' என்பதுதான் பரஸ்பர விவாகரத்தில் பலரும் செய்கிற தவறு. சண்டை இல்லாத விவாகரத்துக்குத்தான் பேப்பர் பக்காவாக இருக்க வேண்டும். ஏன்னா, சண்டை இருக்கிற வழக்கில் ஒவ்வொரு வரியையும் எதிர்த் தரப்பு வக்கீல் கேள்வி கேட்பார். இங்கே கேட்க ஆளே கிடையாது. எழுதாமல் விட்டது, விட்டதுதான்.

ஸ்டாம்ப் பேப்பர் விவாகரத்து செல்லுமா?

செல்லாது. 20 ரூபாய் பத்திரமோ, 100 ரூபாய் பத்திரமோ, நோட்டரி சீல் குத்தினதோ, ஊர்ப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டதோ... எதுவுமே திருமணத்தை ரத்து செய்யாது. நோட்டரி உறுதிப்படுத்துவது 'இந்தக் கையெழுத்து இவருடையது' என்பதை மட்டும்தான். விவாகரத்து கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. இந்து திருமணச் சட்டத்தில், சில சமூகங்களின் பழைய வழக்கப்படியான விலக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஆனால், 'எங்க சமூகத்தில் இப்படியொரு வழக்கம் காலம் காலமா இருக்கு' என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அது சாதாரண வேலை இல்லை. கிறிஸ்தவத் திருமணத்துக்கு அந்தப் பேச்சே கிடையாது.

'ஆனா என்ன, எங்க ரெண்டு பேருக்கும் தெரியுமே?' என்று நினைக்கலாம். அஞ்சு வருஷம் கழித்து யோசித்துப் பாருங்க. அந்தப் பத்திரத்தை நம்பி அவள் இன்னொரு திருமணம் செய்துகொண்டால், சட்டப்படி அவள் இன்னும் முதல் கணவரின் மனைவி. இரண்டாவது திருமணம் செல்லாது. முதல் துணை உயிரோடு இருக்க இன்னொரு திருமணம் செய்வது பாரதிய நியாய சன்ஹிதா 82-வது பிரிவின்படி குற்றம். 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை இருக்கிறது. 'பத்திரம் இருக்கே' என்பது அங்கே பதில் ஆகாது.

எந்தச் சட்டம் உங்களுக்கு?

நெட்டில் 'மியூச்சுவல் டைவர்ஸ்' என்று தேடினால் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்து திருமணச் சட்டம் 13பி பற்றித்தான். அதைப் படித்துவிட்டு 'ஒரு வருஷம் பிரிஞ்சிருந்தா போதும்' என்று சாயர்புரத்துப் பொண்ணு கிளம்பிப் போனால், வக்கீல் ஆபீஸிலேயே ஏமாற்றம் காத்திருக்கும். ஏன்னா, அவளுக்குப் பொருந்துகிற சட்டம் வேறு.

*இந்து திருமணச் சட்டம், 1955 (பிரிவு 13பி):* இந்துக்கள், சமணர், பௌத்தர், சீக்கியருக்கு. குறைந்தது 1 ஆண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். இந்தப் பரஸ்பர விவாகரத்து வழி 1976-ல்தான் இந்தச் சட்டத்துக்குள் வந்தது.

*சிறப்புத் திருமணச் சட்டம், 1954 (பிரிவு 28):* மதம் கடந்து ரிஜிஸ்டர் ஆபீஸில் இந்தச் சட்டப்படி திருமணம் செய்தவர்களுக்கு. இதிலும் 1 ஆண்டுதான்.

*விவாகரத்துச் சட்டம், 1869 (பிரிவு 10ஏ):* கிறிஸ்தவத் திருமணங்களுக்கு. சட்டப் புத்தகத்தில் இருப்பது 2 ஆண்டுகள்.

ஒரே மாவட்டம், ஒரே கோர்ட், ஒரே மாதிரி பிரிவு. ஆனால், பக்கத்து வீட்டு இந்துத் தம்பதிக்கு ஒரு வருஷம், சர்ச்சில் திருமணமான தம்பதிக்கு ரெண்டு வருஷம். இது நியாயமா என்ற கேள்வி கோர்ட்டுக்கும் போனது. 2010-ல் கேரள உயர் நீதிமன்றம், 'இரண்டு ஆண்டு என்பதை ஓர் ஆண்டு என்றே படிக்க வேண்டும்' என்றது. 2022 டிசம்பரில் அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த ஓர் ஆண்டுக் கட்டாயமே அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. ஆனால், நாடாளுமன்றம் சட்டத்தின் வாசகத்தை மாற்றவில்லை. எனவே, 2 ஆண்டு முடியும் முன் மனு போட நினைக்கிறவர்கள், இந்தத் தீர்ப்புகளைக் காட்டி வாதாட முடியுமா என்று வக்கீலிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. நம் கற்பனை ஜோடிக்கு ரெண்டு வருஷம் முடிந்துவிட்டதால் அந்தக் கவலை இல்லை.

இந்த 10ஏ பிரிவே ரொம்பப் பழசு இல்லை. 2001 வரை கிறிஸ்தவர்களுக்குப் பரஸ்பர விவாகரத்து என்ற ஒன்றே இல்லை. மனைவியின் தகாத உறவை நிரூபித்தால் கணவருக்கு விவாகரத்து. மனைவிக்கோ, கணவரின் தகாத உறவு மட்டும் போதாது. அதோடு கொடுமை, கைவிட்டுப் போனது என்று இன்னொன்றையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். மாவட்ட நீதிபதி விவாகரத்து கொடுத்தாலும், உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய வேண்டும். 2001-ல் வந்த திருத்தம்தான் இதையெல்லாம் மாற்றியது. நம் அம்மா, சித்தி தலைமுறையில் எத்தனை பேர் 'வாழாவெட்டி' என்ற பட்டத்தோடு பேப்பர் ஏதும் இல்லாமல் அப்படியே இருந்துவிட்டார்கள் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காயல்பட்டினம் பக்கம் இருக்கிற இஸ்லாமியத் தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. ரெண்டு பேரும் ஒப்புக்கொண்டு பிரிவது 'முபாரத்'. மனைவி கேட்டுப் பிரிவது 'குலா'. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம், தனியார் ஷரியத் கவுன்சில்கள் கொடுக்கும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆகவே, ஜமாத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் கோர்ட் வரை போய்விடுங்கள்.

சர்ச் கொடுத்த கடிதம் போதுமா?

முத்துக்குளித்துறை முழுக்க கத்தோலிக்க ஊர்கள். அங்கே இன்னொரு குழப்பம் உண்டு. மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் 'இந்தத் திருமணம் செல்லாது' என்று தீர்ப்பு கொடுத்தால், 'அதான் முடிஞ்சுதே' என்று இருந்துவிடுகிறார்கள். அது திருச்சபைச் சட்டப்படி சரி. மறுபடி சர்ச்சில் திருமணம் செய்ய அது தேவைப்படும். ஆனால், நாட்டுச் சட்டப்படி அந்தத் திருமணம் இன்னும் உயிரோடு இருக்கிறது. இதை உச்ச நீதிமன்றம் 1996-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. 2017-ல் சர்ச் தீர்ப்பை விவாகரத்தாக ஏற்கச் சொல்லி வந்த பொதுநல மனுவையும் தள்ளுபடி செய்தது.

சி.எஸ்.ஐ-யிலும் அப்படித்தான். ஐயரும் சபைப் பெரியவர்களும் கூடி எழுதிக் கொடுக்கிற சமாதானக் கடிதம் மனசுக்கு ஆறுதல். கோர்ட்டுக்கு அது விவாகரத்து இல்லை.

எந்த கோர்ட்டுக்குப் போகணும்?

தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்கு, தூத்துக்குடியில் குடும்ப நீதிமன்றம் இருக்கிறது. கிறிஸ்தவத் திருமணத்தில், திருமணம் நடந்த இடம், ரெண்டு பேரும் வசிக்கும் இடம் அல்லது கடைசியாகச் சேர்ந்து வசித்த இடம், இதில் எது எந்த கோர்ட்டின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே மனு போடலாம். நம் ஜோடி கடைசியாகச் சென்னையில் வாழ்ந்திருந்தாலும், கல்யாணம் நடந்தது சாயர்புரத்தில் என்பதால் தூத்துக்குடியிலேயே போடலாம். இந்து திருமணச் சட்டத்தில் இதோடு ஒரு சலுகையும் உண்டு. மனைவி மனுதாரராக இருந்தால், அவர் இப்போது வசிக்கும் ஊரிலும் போடலாம்.

மனு ஏற்கப்பட்டதும் ஒரு நம்பர் கிடைக்கும். இந்து திருமண மனு என்றால் 'ஹெச்.எம்.ஓ.பி', கிறிஸ்தவ விவாகரத்து மனு என்றால் 'ஐ.டி.ஓ.பி' என்று தொடங்கும். கூடவே 16 எழுத்து-எண் கொண்ட 'சி.என்.ஆர்' நம்பரும் இருக்கும். அதை மொபைலில் சேமித்து வையுங்கள். 'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' ஆப்பில் போட்டால், அடுத்த தேதி என்ன, போன தேதியில் என்ன நடந்தது எல்லாம் வந்துவிடும். தேதி தெரிந்துகொள்ள மட்டும் பஸ் ஏற வேண்டாம்.

ஃபைலில் என்னென்ன இருக்கணும்?

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்குங்க. ஒரிஜினல் ஒரு பக்கம், ஜெராக்ஸ் ரெண்டு செட் இன்னொரு பக்கம். எல்லாவற்றையும் போனில் ஸ்கேன் பண்ணி, உங்களுக்கு மட்டும் பாஸ்வேர்டு தெரிந்த மெயிலில் போட்டு வையுங்க.

- திருமணச் சான்றிதழ். சர்ச் கல்யாணம் என்றால், சர்ச் திருமணப் பதிவேட்டிலிருந்து எடுத்த சான்று. சேகர அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் கிடைக்கும். பதிவுத் துறையில் பதிவு செய்திருந்தால், அதன் நகலை 'டி.என் ரெஜிநெட்' தளத்தில் ஆன்லைனிலேயே விண்ணப்பித்து வாங்கலாம்.
- கல்யாணப் பத்திரிகை, ரெண்டு பேரும் சேர்ந்திருக்கிற கல்யாண போட்டோ.
- இருவரின் ஆதார், முகவரிச் சான்று, பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள்.
- குழந்தையின் பிறப்புச் சான்றிதழ்.
- பிரிந்து வாழ்வதற்கான சான்றுகள்: வேறு வேறு முகவரியில் உள்ள வாடகை ஒப்பந்தம், கேஸ் பில், வேலை இடத்துக் கடிதம் போன்றவை.
- இருவரின் வருமானச் சான்று: சம்பள சிலிப், வங்கி ஸ்டேட்மென்ட்.
- நகை, சீர் சாமான் பட்டியல், இருக்கிற ரசீதுகள்.
- சொத்து, லோன், இன்ஷூரன்ஸ் பேப்பர்கள்.
- ரெண்டு பேரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம்.

தமிழ்நாட்டில் 2009 சட்டத்துக்குப் பிறகு, எந்த மதமானாலும் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். நிறைய பேர் 'சர்ச்சில் கையெழுத்துப் போட்டாச்சே', 'கோயிலில் ரசீது இருக்கே' என்று விட்டுவிடுகிறார்கள். பதிவு செய்யவில்லை என்பதாலேயே விவாகரத்து கிடைக்காமல் போகாது. திருமணம் நடந்ததை மற்ற ஆவணங்களால் காட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டே கணவன் - மனைவியாக வாழாதவர்கள் என்ன செய்வது? 'பிரிந்து வாழ்வது' என்றால் வேறு வேறு வீட்டில் இருப்பது மட்டும் இல்லை. ஒரே கூரையின் கீழும் தம்பதியாக வாழாமல் இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே விளக்கிவிட்டது. ஆகவே, 'கோர்ட்டுக்காக' பொய்யான தேதி போடாதீர்கள். மனுவில் சொல்வதை நீங்கள் சத்தியம் செய்து உறுதிப்படுத்தப் போகிறீர்கள்.

ஒப்பந்தத்தில்தான் எல்லாமே இருக்கு

மேலே சொன்ன பட்டியலில் கடைசியாக இருக்கிறதே, அந்த ஒப்பந்தம்தான் முக்கியமான பேப்பர். மற்றவை எல்லாம் நடந்ததைச் சொல்கின்றன. இது மட்டும்தான் இனி நடக்கப்போவதைச் சொல்கிறது. 'அவர் நல்லவர், கொடுத்துடுவார்', 'அவள் கேட்கமாட்டா' என்பதெல்லாம் இன்றைக்கு உண்மையாக இருக்கலாம். நாளைக்கு அவருக்கு வேறு குடும்பம் அமையலாம், வேலை போகலாம், பேசுவதற்கே மனமில்லாமல் போகலாம்.

*நகை:* 'நகைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்' என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். எத்தனை பவுன், எந்தெந்த நகை, யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியில் யார் முன்னிலையில் கொடுக்கப்பட்டது எல்லாம் எழுதுங்கள். அடகில் இருந்தால் யார் மீட்பது, எப்போது மீட்பது என்பதும் வேண்டும். பீரோ, கட்டில், பைக் என்று சீர் சாமானுக்கும் இதேதான்.

*ஜீவனாம்சம்:* மொத்தமாகவா, மாதாமாதமா? மொத்தம் என்றால், ஒரு பகுதியை முதல் மனு நாளிலும், மீதியை இரண்டாவது நாளில் நீதிபதி முன்பு டி.டி-யாகவும் தருவதுதான் இரண்டு தரப்புக்கும் பாதுகாப்பு. மாதாமாதம் என்றால் எந்தத் தேதி, எந்த வங்கிக் கணக்கு, வருஷத்துக்கு எவ்வளவு கூடும் என்பது வரை எழுதுங்கள். கையில் காசாகக் கொடுத்து வாங்க வேண்டவே வேண்டாம்.

*குழந்தை:* யாரிடம் வளரும் என்பதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் ஆச்சு. அப்பா எப்போது பார்க்கலாம்? கப்பலில் போய்விட்டு நாலு மாதம் லீவில் வந்தால் எத்தனை நாள்? கிறிஸ்துமஸ் யாரோடு? மே லீவு? அப்பா ஊர் அசனப் பண்டிகைக்கு அழைத்துப் போகலாமா? வீடியோ கால் எந்த நாளில்? ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரிச் செலவு யார்? பாஸ்போர்ட் எடுக்க ரெண்டு பேரின் கையெழுத்தும் கிடைக்குமா? இவ்வளவையும் இப்போது, பேசுகிற நிலையில் இருக்கும்போதே எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. 'குழந்தைக்கு எதுவும் வேண்டாம், என்னை விட்டா போதும்' என்று கோபத்திலோ களைப்பிலோ எழுதிக் கொடுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். குழந்தையின் பராமரிப்புப் பணம் அம்மாவின் பணம் இல்லை. அது குழந்தையின் உரிமை. அதை விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அம்மாவுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

*லோன்:* ரெண்டு பேர் பெயரிலும் வீட்டுக் கடன் இருக்கிறதா? 'இனி அவர் கட்டுவார்' என்று நீங்கள் ரெண்டு பேரும் எழுதிக்கொள்ளலாம். வங்கி அதற்குக் கட்டுப்படாது. அவர் கட்டவில்லை என்றால் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும், உங்கள் சிபில் ஸ்கோரும் அடிவாங்கும். முடிந்தால் கடனை அடைத்துவிட்டோ, வங்கியிடம் பேசிப் பெயரை நீக்கிவிட்டோ பிரியுங்கள்.

மனுவும் ஒப்பந்தமும் இங்கிலீஷில் இருந்தால், தமிழில் வரிக்கு வரி படித்துக் காட்டச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் நாள், ஆறு மாதம், இரண்டாவது நாள்

சம்மதத்தை கோர்ட் ஒரு தடவை கேட்டு விட்டுவிடுவதில்லை. ரெண்டு தடவை கேட்கிறது.

முதல் கட்டத்தில் ரெண்டு பேரும் சேர்ந்து மனு தாக்கல் செய்கிறீர்கள். அடையாளச் சான்று பார்ப்பார்கள். ஆலோசனைக்கோ, சமரச மையத்துக்கோ அனுப்பலாம். 'சேர்த்து வெச்சிடுவாங்களோ' என்று பயப்பட வேண்டாம். சேர்ந்து வாழ வாய்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பது குடும்ப நீதிமன்றத்தின் கடமை. கட்டாயப்படுத்துவது அதன் வேலை இல்லை. ஊர்க்காரர்கள் கேட்பார்களே என்று கூச்சமாக இருந்தால், மூடிய அறையில் விசாரிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஒருவர் கேட்டாலே போதும்.

அதன் பிறகு குறைந்தது 6 மாதம் காத்திருக்க வேண்டும். மனு போட்ட நாளிலிருந்து 6 மாதத்துக்குப் பிறகு, 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து, 'எங்கள் முடிவில் மாற்றம் இல்லை' என்று சொல்ல வேண்டும். யாருடைய வற்புறுத்தலும் இல்லை, ஒப்பந்தப்படி கொடுக்கல் வாங்கல் முடிந்தது என்பதை நீதிபதி உறுதி செய்துகொண்டு தீர்ப்பு கொடுப்பார்.

இந்த 6 மாதத்தைக் குறைக்க முடியுமா? 2017 செப்டம்பர் 12 அன்று, அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 'முடியும்' என்றது. ஆனால், சில நிபந்தனைகள் உண்டு. முதல் மனு போடும் முன்பே, ஓர் ஆண்டோடு சேர்த்து இந்த ஆறு மாதமும், அதாவது ஒன்றரை ஆண்டு, பிரிந்திருந்திருக்க வேண்டும். சமரச முயற்சிகள் தோற்றிருக்க வேண்டும். பணம், குழந்தை விஷயங்கள் உண்மையாகவே தீர்ந்திருக்க வேண்டும். காத்திருப்பது வேதனையை நீட்டிப்பதாக மட்டுமே இருக்க வேண்டும். முதல் மனு போட்டு ஒரு வாரம் கழித்துக் காரணங்களைச் சொல்லி விண்ணப்பிக்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் முடிவு. இந்தத் தீர்ப்பு 13பி பற்றியது. 10ஏ மனு போடுகிறவர்கள், இதே வாதத்தை வைக்க முடியுமா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்பலில் இருக்கிறவர் எப்படி வருவார்?

இது நம் கடற்கரைக்கே உரிய கேள்வி. கப்பல், துபாய், சிங்கப்பூர் என்று ஒருவர் எப்போதும் வெளியேதான். அமர்தீப் சிங் தீர்ப்பிலேயே இதற்கும் வழி இருக்கிறது. காணொலி மூலம் ஆஜராகவும், வர முடியாதவருக்காகப் பெற்றோரோ உடன்பிறந்தவரோ வரவும் நீதிமன்றம் அனுமதிக்கலாம். 'அனுமதிக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். முன்கூட்டியே மனு போட்டுக் கேட்க வேண்டும். 'லீவு கிடைக்கலை' என்று கடைசி நாளில் போன் பண்ணினால் நடக்காது.

வெளிநாட்டிலிருந்து பவர் ஆஃப் அட்டர்னி அனுப்புவதாக இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். இதைத் தவறவிட்டால் கோர்ட்டில் சிக்கல் வரும். இதைவிடச் சுலபமான வழி, அடுத்த காண்ட்ராக்ட் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று காலண்டரைப் பார்த்து, ரெண்டு தேதிகளையும் அவர் ஊரில் இருக்கும் மாதங்களில் வருவது போலத் திட்டமிடுவது. 6 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் நடுவில் ஒரு வருஷ இடைவெளி இருக்கிறதே!

நடுவில் ஒருவர் மனசு மாறினால்?

மாறலாம். தீர்ப்பு வரும் வரை சம்மதம் இருக்க வேண்டும். ஒருவர் பின்வாங்கினாலும் பரஸ்பர விவாகரத்து கொடுக்க முடியாது என்பதைத்தான் 1991 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு விவாகரத்து வேண்டும் என்கிறவர், கொடுமை, கைவிடுதல் என்று காரணம் சொல்லித் தனியாக வழக்கு நடத்த வேண்டியிருக்கும். மொத்தப் பணத்தையும் முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள், எல்லா உரிமையையும் முதல் நாளே விட்டுக்கொடுத்துவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். 'நடுவில் நின்றுபோனால், அதுவரை கொடுத்தது என்ன ஆகும்' என்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஏற்கெனவே வரதட்சணை, குடும்ப வன்முறை, ஜீவனாம்ச வழக்குகள் இருந்தால், அவை தானாக முடியாது. கணவர் வீட்டார் மீதான கொடுமை வழக்கை (பழைய 498ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 85) போலீஸ் ஸ்டேஷனில் 'வாபஸ்' வாங்கி முடித்துவிட முடியாது. நம் மாவட்டத்துக்காரர்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு போட்டுத்தான் ரத்து செய்ய வேண்டும். எந்த வழக்கு, என்ன நம்பர், யார், எப்போது முடிப்பது என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும்.

மிரட்டியோ, 'குழந்தையைக் காட்டமாட்டேன்' என்று சொல்லியோ வாங்கிய சம்மதம், சம்மதமே இல்லை. நீதிபதி கேட்கும்போது அதை அவரிடமே சொல்லலாம். அதற்கு முன்பே உதவி வேண்டும் என்றால், பெண்கள் உதவி எண் 181.

வக்கீல் கட்டாயமா? செலவு?

குடும்ப நீதிமன்றச் சட்டம், 1984-ன்படி அங்கே வக்கீல் வைத்து வாதாடுவதே 'உரிமை' கிடையாது, கோர்ட்டின் அனுமதியோடுதான். ஆனால், மனு, ஒப்பந்தம் எழுதுவதற்கு ஒரு வக்கீலின் உதவி நல்லது. ரெண்டு பேருக்கும் ஒரே வக்கீல் என்றால் செலவு குறையும். அப்படியானாலும், கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தை உங்களுக்குத் தெரிந்த இன்னொரு வக்கீலிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். ஃபீஸ் மொத்தம் எவ்வளவு, எத்தனை தவணை என்பதை முதல் சந்திப்பிலேயே பேசி எழுதி வாங்குங்கள்.

காசு இல்லையே என்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். 1987 சட்டம் தந்திருக்கும் உரிமை இது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

தீர்ப்பு வந்தாச்சு... அப்புறம்?

நம் சாயர்புரத்துப் பொண்ணு இரண்டாவது தடவையும் தூத்துக்குடி பஸ் ஏறிப் போய், நீதிபதி கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, டி.டி-யை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். வேலை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

முதலில், தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒன்று போதாது, ரெண்டு மூணு வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டில் கணவர் பெயரை நீக்க, ரேஷன் கார்டைப் பிரிக்க, வங்கியில் பெயர் மாற்ற, குழந்தையின் ஸ்கூலில் காட்ட என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள். பி.எஃப், இன்ஷூரன்ஸ், வங்கிக் கணக்கு, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாவற்றிலும் நாமினி யார் என்று பாருங்கள். விவாகரத்து ஆனதும் அது தானாக மாறிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். ஜாயின்ட் அக்கவுன்ட், ஷேர் பண்ணிய பாஸ்வேர்டு, அவருடைய போன் நம்பரில் ஓ.டி.பி போகிற உங்கள் ஆதார், இவற்றையும் அன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள்.

மறுமணம் செய்வதாக இருந்தால், அப்பீல் காலம் உங்கள் வழக்குக்குப் பொருந்துமா, எந்தத் தேதியிலிருந்து செய்யலாம் என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்ச்சில் மறுமணம் என்றால், திரும்ப ஓலை வாசிக்கும் முன் ஐயர் கேட்கப்போவதும் இந்தத் தீர்ப்பு நகலைத்தான்.

பெரியப்பா சொன்ன பத்திரத்துக்கு ஒரே நாள் ஆகியிருக்கும். இதற்கு, பிரிந்திருந்த ரெண்டு வருஷத்தோடு சேர்த்து குறைந்தது ரெண்டரை வருஷம். நீளம்தான். ஆனால், குழந்தைக்கு 15 வயசாகி 'அப்பா என்னைப் பார்க்க வரலாமா?' என்று கேட்கிற அன்றைக்கு, பீரோவில் இருக்கிற அந்த ஃபைலைத் திறந்து பார்த்தால் பதில் அதில் இருக்கும். ஒப்பந்தத்தை எழுதும்போது அந்த ஒரு நாளை மட்டும் மனசில் வெச்சுக்கோங்க.